போர்வைக்குள் வைத்த இலவம் பஞ்சு கட்டிபட்டுவிட்டது. அம்மாவின் கம்பளியை உள்ளே வைத்துத் தைக்கலாமா?

கேள்வி: இலங்கை மலையகம், பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து

வணக்கம். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் 11 பெண்கள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) உட்கார்ந்து ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறோம். பெரும்பாலானவர்கள் கொழுந்து எடுக்கிறவர்கள்தான். தையல் மெஷின் இரண்டு இருக்கிறது, மீதியெல்லாம் கைத்தையல். கார்மென்ட்டில் வேலை செய்யும் பிள்ளைகள் மூலமாக வெட்டுத்துணியைக் கிலோக் கணக்கில் வாங்குகிறோம். அதை நாலரை அங்குலச் சதுரமாக வெட்டி, ஒன்பது சதுரத்தை ஒரு கட்டமாக இணைப்போம். ஓரத்துக்குக் கால் அங்குலம் விட்டுத் தைத்தால் ஒரு கட்டம் சரியாக ஓரடி வரும். அப்படி 30 கட்டம் சேர்ந்தால் ஐந்தடிக்கு ஆறடி.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது, பின்னால் மண்மேடு இருந்த லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) சனங்கள் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கினார்கள். சீமெந்துத் தரை, டிசம்பர்க் குளிர், கைக்குழந்தைகள் வேறு. அவர்களுக்காக இராப்பகலாக உட்கார்ந்து 14 போர்வை முடித்துக் கொடுத்தோம். நான் இந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவள். ஒரு வேலையை இத்தனை பேர் மனமொத்துச் செய்ததை அதற்கு முன்னால் நான் கண்டதில்லை.

இப்போது பிரச்சினை என்னவென்றால், நடுவில் இலவம் பஞ்சு வைத்தோம். கைக்குக் கிடைத்தது அதுதான். முதல் தடவை துவைத்ததும் பஞ்சு முழுக்க மூலைக்கு ஓடி, கொழுக்கட்டை மாதிரிக் கட்டிபட்டுவிட்டது. நடுப்பகுதியில் இரண்டு துணி மட்டும்தான் மிச்சம். நாலு நாளாகியும் உள்ளே ஈரம் போகவில்லை, ஒரு போர்வையில் பூஞ்சண வாடை வந்துவிட்டது. வாங்கியவர்கள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் எங்களுக்கு மனசு கேட்கவில்லை. 14 போர்வையையும் திரும்ப வாங்கிச் சரிசெய்து கொடுக்க வேண்டும். நடுவில் எதை வைத்தால் எங்கள் மழைக்குத் தாங்கும்?

இன்னொன்றும் கேட்க வேண்டும், இது என் சொந்த விஷயம். அம்மாவின் கறுப்புக் கம்பளி என்னிடம் இருக்கிறது. அந்தக் காலத்தில் கம்பளியைத் தோட்டத்தில் கடனாகக் கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்று அம்மா சொல்வார். மழையில் அதைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு மலைக்குப் போவார். வந்ததும் அடுப்புக்கு மேலே கொடியில் விரித்துவிடுவார். இன்றைக்கும் மூக்கருகே கொண்டுபோனால் அந்தப் புகை வாசம் வருகிறது. ஒரு மூலையைப் பூச்சி அரித்துவிட்டது. பெட்டிக்குள் கிடந்து வீணாவதைவிட, ஒரு போர்வைக்குள் வைத்துத் தைத்து மகளுக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். செய்யலாமா?

பதில்: பண்டாரவளையிலிருந்து

அக்கா, இலவம் பஞ்சு தலையணைக்குத்தான் சரி. அதன் இழை குட்டை, மெழுகு பூசினது மாதிரி வழுவழுப்பு. ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளாது, அதனால்தான் அதை நூலாகவும் நூற்க முடியாது. துவைக்கும்போது இடம் விட்டு இடம் ஓடத்தான் செய்யும். நாங்களும் முதலில் அதில்தான் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

இப்போது நாங்கள் பழைய நூல் சேலைதான் வைக்கிறோம். ஐந்தரை மீட்டர்ச் சேலையை நடுவே வெட்டிப் பக்கம் பக்கமாக இணைத்தால் உங்கள் அளவுக்கு ஒரு படை தாராளமாக வரும். அப்படி மூன்று படை போட்டுப் பாருங்கள், சூடும் இருக்கும், கட்டியும் படாது. நைலெக்ஸ் சேலை வேண்டாம், வழுக்கும். சேலையில் கரை இருந்தால் வெட்டி எடுத்துவிடுங்கள், அது சுருங்குகிற அளவு வேறு. புது வெட்டுத்துணியையும் தைக்கிறதுக்கு முன்னால் ஒரு தடவை நனைத்துக் காயப்போட வேண்டும்.

அடுத்தது, தையலின் இடைவெளி. ஓரத்தை மட்டும் தைத்து விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நாலு அங்குலத்துக்கு ஒன்றாவது மேல்துணி, நடுப்படை, பின்துணி எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். நூலோட்டித் தைக்க நேரம் இல்லையென்றால் முடிச்சுப் போடுங்கள். தடித்த நூலை மேலிருந்து கீழே இறக்கி, ஒரு பருப்பு அகலம் தள்ளி மேலே எடுத்து, இரண்டு முடிச்சு இறுக்கிப் போட்டு, அரை அங்குலம் வால் விட்டு வெட்டிவிடுங்கள். கை பழகின இரண்டு பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்தால் ஒரு பின்னேரத்தில் ஒரு போர்வை முடியும்.

ஜூன், ஜூலையில் உங்கள் பக்கம் மழை விடாது. அந்த நேரம் எங்கள் பக்கம் வெயிலும் காற்றும்தான். காயாத போர்வை இருந்தால் யாராவது வரும்போது கொடுத்து விடுங்கள் அக்கா. நாங்கள் காயவைத்து அனுப்புகிறோம். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

பதில்: கொட்டகலையிலிருந்து (ஓய்வுபெற்ற மனைப்பொருளியல் ஆசிரியை)

முதலில் உங்கள் 11 பேருக்கும் என் வாழ்த்து. கொடுத்ததைத் திரும்ப வாங்கிச் சரிசெய்து கொடுக்க நினைக்கிறீர்களே, அதைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது.

சேலை நல்ல யோசனைதான். ஆனால் மூன்று படை நூல் சேலை நனைந்தால் கனம் தாங்காது, உங்கள் மழையில் காய நாளும் எடுக்கும். காசு கொஞ்சம் சேர்க்க முடிந்தால் குழந்தைகளின் போர்வைக்காவது மெல்லிய பொலியெஸ்டர் வாடிங் (நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு) வாங்குங்கள். அது தண்ணீரைப் பிடித்து வைக்காது, சீக்கிரம் காயும். பெரியவர்களுக்குச் சேலை போதும். எடுத்த இலவம் பஞ்சை எறிய வேண்டாம். நன்றாகக் காயவைத்து, கட்டியை விரலால் பிரித்து, தலையணையில் அடைத்துவிடுங்கள். பூஞ்சணம் பிடித்ததை மட்டும் வீசிவிடுங்கள், குழந்தைகள் இருக்கிற இடம்.

கம்பளி பற்றி. மகளே, அதை வெட்ட வேண்டாம். கம்பளி சுடுதண்ணீரிலும் கசக்கலிலும் சுருங்கி இறுகிவிடும். பருத்தியோடு சேர்த்துத் தைத்து ஒருநாள் மறந்து சுடுதண்ணீரில் போட்டால் மேல்துணி முழுக்கச் சுருக்கம் விழும், பிறகு பிரிக்கவும் முடியாது. ஒட்டுத்துணியை உறை மாதிரித் தையுங்கள். ஒரு பக்கம் திறந்து நாடா வைத்துக் கட்டுங்கள். கம்பளியின் நாலு மூலையிலும் சிறு நாடா தைத்து உறைக்குள் முடிந்துவிட்டால் உள்ளே நகராது. துவைக்கும்போது உறையை மட்டும் கழற்றலாம்.

பதில்: தலவாக்கலையிலிருந்து

பூச்சி அரித்த மூலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதை அப்படியே உள்ளே வைத்துவிடாதீர்கள். மடிப்புகளில் முட்டை இருக்கும். வெயிலில் விரித்து, பிரஷ்ஷால் இரண்டு பக்கமும் தேய்த்து உதறுங்கள். பிறகு குளிர்ந்த தண்ணீரில் கசக்காமல் முக்கி எடுத்து, முறுக்காமல், நிழலில் படுக்கையாகக் காயப்போடுங்கள். ஓட்டையைக் கறுப்பு உல்லன் நூலால் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி அடைத்துவிடலாம்.

கேட்டவரின் பதில்: பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து

எல்லோருக்கும் நன்றி. போன ஞாயிறு ஒரு போர்வையைப் பிரித்துப் பார்த்தோம். பண்டாரவளைத் தங்கச்சி சொன்னது சரி, ஓரத்திலும் கட்டத்தின் தையல் மேலும் மட்டும்தான் ஓட்டியிருந்தோம், ஓரடிக்கு ஒன்று. இப்போது வீட்டுக்கு வீடு போய்ப் பழைய நூல் சேலை சேர்க்கிறோம். இதுவரை 17 வந்திருக்கிறது. மேல் லயத்துப் பாட்டி ஒருவர் தன் கூறைச் சேலையையே கொண்டுவந்து நீட்டினார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. அதை உள்ளே மறைத்து வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. நடுவே மட்டும் வெட்டி இணைத்து ஒரு போர்வைக்குப் பின்பக்கத் துணியாகப் போட்டு, அதை அவருக்கே கொடுக்கப்போகிறோம்.

குழந்தைகளின் நாலு போர்வைக்கு வாடிங் வாங்க ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக்கொண்டோம்.

டீச்சர், கம்பளியை வெட்டவில்லை. தலவாக்கலையில் சொன்ன மாதிரியே முக்கி எடுத்தேன். தண்ணீர் மூன்று தடவையும் தேயிலைச் சாயம் மாதிரி இறங்கியது. காய ஆறு நாள் பிடித்தது. புகை வாசம் போய்விடுமோ என்று பயந்தேன், போகவில்லை. மூலையை மகளே பின்னி அடைத்தாள். உறைக்கு அவள் கேட்ட நடுக்கட்டம் ஒரு தப்பு மேளம், மாசியில் காமன் கூத்துக்கு அடிப்பார்களே, அதேதான். வட்டம் வெட்ட மண்நிறத் துணி ஒரு முழம் தேவை. யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.