பத்தமடைப் படத்திலிருந்து நான் அழித்த வாளி: இது பொய்யாகுமா?

பாளை மாணவன் கேட்டது:

பாளையங்கோட்டையில் காட்சித் தொடர்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். புகைப்படம் எடுக்கக் கற்கத் தொடங்கி ஒன்றரை ஆண்டு ஆகிறது. அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு), ஷட்டர் (ஒளி படும் நேரம்), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) மூன்றையும் ஒன்றுக்கொன்று ஈடுகட்டப் பழகுவதற்குள்ளேயே முதல் ஆறு மாதம் கழிந்துவிட்டது. இப்போது எனக்கு இருக்கும் குழப்பம் கேமராவைப் பற்றியதன்று என்பதால்தான், அனுபவமுள்ளவர்கள் பலர் இருக்கும் இந்த இடத்தில் கேட்கிறேன்.

எங்கள் துறையின் கண்காட்சிக்காகச் சென்ற மாதம் பத்தமடைக்குப் போய், பாய் நெய்யும் ஓர் அம்மாவைப் படம் எடுத்தேன். ஆற்றங்கரைக் கோரையை ஊறவைத்து, நாராகக் கிழித்து, துணிபோல மடித்து வைக்கும் அளவுக்கு மெல்லியதாக நெய்யும் அந்தப் பாயைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவருடைய வீட்டில் கிழக்குப் பார்த்த ஒரு சன்னலும் அதன் கீழே தரையோடு தரையாகக் கட்டிய தறியும் இருந்தன. காலை வெயில் சன்னல் கம்பிகளுக்கிடையே சரிந்து பாவு நூலின் மேல் விழுந்ததைப் பார்த்ததுமே, எடுக்க வேண்டிய படம் இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். வெளிச்சத்தை மறைத்துக்கொண்டிருந்த தையல் மெஷினை அவருடைய மகனும் நானும் தூக்கித் திண்ணையில் வைத்தோம். அந்த அம்மா தறியில் உட்கார்ந்தார். நாற்பது படங்கள் எடுத்தேன். அவற்றில் ஒன்று, நானே எதிர்பாராத அளவுக்கு நன்றாக வந்தது.

வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தபோது படத்தின் வலது ஓரத்தில் நீல நிறப் பிளாஸ்டிக் வாளி ஒன்று பளிச்சென்று தெரிந்தது. படத்தின் ஒரு பகுதியை நகலெடுத்து இன்னொரு பகுதியின் மேல் ஒட்டும் குளோன் கருவியால் பத்து நிமிடத்தில் அதை அழித்துவிட்டு, 'பத்தமடையில் ஒரு காலை' என்று தலைப்பிட்டுக் கண்காட்சியில் வைத்தேன். பாராட்டுகள் வந்தன. ஆனால் மூலக் கோப்பைப் பார்த்த வகுப்புத் தோழர் ஒருவர், "இல்லாததைக் காட்டினால்தான் பொய்யா? இருந்ததை மறைத்தாலும் பொய்தான்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், வாளி இருந்த இடத்துக்குத்தான் என் கண் போகிறது. வாளியை அழித்தது தவறா என்பதே என் கேள்வி.

டவுன் ஸ்டூடியோக்காரர் எழுதியது:

தம்பி, ரத வீதிப் பக்கம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஸ்டூடியோ வைத்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் கணினியில் செய்ததை நாங்கள் பென்சிலால் செய்தோம். அதற்கு 'டச்சிங்' என்று பெயர். நெகட்டிவின் மேல் பென்சில் பிடிக்கும்படி ஒரு திரவத்தைத் தடவி, முகத்தில் அம்மைத் தழும்போ சுருக்கமோ இருக்கும் இடத்தில் மிக நுண்ணிய புள்ளிகளாக வைத்துக்கொண்டே போவோம். நெகட்டிவில் கருமை கூடினால் பிரிண்டில் வெளுப்பு கூடும் என்பதால் தழும்பு மறைந்துவிடும். இதெல்லாம் எங்கள் தலைமுறை கண்டுபிடித்ததுமன்று. 1858இல் மதுரையையும் தஞ்சையையும் படம் பிடித்த ஆங்கிலேயப் படக்காரர் லின்னேயஸ் ட்ரைப், அதற்கு முன் 1855இல் பர்மாவில் எடுத்த நெகட்டிவ்களிலேயே வானத்தில் மேகங்களைக் கையால் வரைந்து சேர்த்திருக்கிறார். அக்கால ரசாயனப் பூச்சு நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கிக்கொள்ளும் என்பதால் வானம் வெறும் வெள்ளையாக விழும். அந்த வெறுமையை அவரால் பொறுக்க முடியவில்லை போலும்.

எங்களிடம் இன்னொரு வேலையும் வரும். வீட்டில் பெரியவர் இறந்துபோவார். உயிரோடு இருந்த காலத்தில் ஒரு படம்கூட எடுத்திருக்க மாட்டார்கள். உடலை நாற்காலியில் சார்த்தி உட்காரவைத்துப் படம் எடுத்துவந்து, மூடியிருக்கும் கண்களைப் பிரிண்டின் மேல் திறந்த கண்களாக வரைந்து கொடுப்போம். அந்தப் படத்துக்கு மாலை போட்டு ஆண்டுக்கணக்கில் கும்பிட்ட எவரும் ஏமாந்ததாக நான் நினைக்கவில்லை, ஏனென்றால் அந்தக் கண் வரைந்த கண் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் அதே பென்சிலால் பெண் பார்க்க அனுப்பும் படத்தை இரண்டு சாயல் வெளுக்க வைத்துக் கொடுத்தேன், ஒரு முறை. மாப்பிள்ளை வீட்டார் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே என் கடைக்கு வந்துவிட்டார்கள். கல்யாணம் நின்றுபோனதற்கு அவர்கள் குணமும் ஒரு காரணம் என்றாலும், அன்று கடை வாசலில் நின்று நான் பதில் சொல்ல முடியாமல் விழித்தது இன்றும் நினைவிருக்கிறது. கண் வரைந்தபோது வராத கூச்சம் அன்று வந்தது. உங்கள் வாளி இந்த இரண்டில் எதைச் சேர்ந்தது என்று யோசித்துப் பாருங்கள். என் கணக்கில் அது தழும்பு அளவுக்குக்கூடத் தேறாது.

கல்யாண ஆல்பக்காரன் எழுதியது:

இவ்வளவு யோசித்தால் தொழில் நடத்த முடியாது. தாலி கட்டும் நேரத்தில் உறவினர் ஒருவர் குறுக்கே கையை நீட்டிவிட்டால், மாப்பிள்ளையை மறுபடியும் அதே மாதிரி கையை வைக்கச் சொல்லித்தான் எடுக்கிறேன். இன்றைய கைப்பேசியோ, பொத்தானை ஒரு முறை அழுத்தினாலே பல படங்களை எடுத்து ஒன்றாக இணைத்துத்தான் நமக்குத் தருகிறது. வாளியை அழித்ததற்கு வருந்த வேண்டாம். எடுக்கும்போதே அதைக் கவனிக்காமல் விட்டதற்கு வருந்துங்கள். ஓர் அடி இடப்பக்கம் நகர்ந்து நின்றிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

செய்திப் படக்காரர் எழுதியது:

கடைசியாக எழுதியவர் சொன்ன ஓர் அடிதான் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. ஓர் அடி நகர்ந்து வாளியைப் படச்சட்டகத்துக்கு வெளியே தள்ளினால் நேர்மை, அதே வாளியைக் கணினியில் அழித்தால் பொய் என்பதுதான் செய்தித் துறையின் விதி. அந்த விதியை நான் மீறியதில்லை. மீறினால் வேலை போய்விடும். ஆயினும் விதியைக் காப்பதால் மட்டும் படம் உண்மையாகிவிடாது என்பதை 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் ஊரே மூழ்கியபோது நன்றாகத் தெரிந்துகொண்டேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய நாள்கள் அவை. முழங்காலளவு தண்ணீர் நின்ற ஒரு தெருவில், அகலக்கோண லென்ஸோடு கேமராவை நீர்மட்டத்துக்குத் தாழ்த்தி ஒரு படமும், நிமிர்ந்து நின்று ஒரு படமும் எடுத்தேன். இரண்டிலும் எந்தத் திருத்தமும் இல்லை. முதல் படத்தில் அந்தத் தெரு கடலாக இருந்தது, இரண்டாவதில் தெருவாக இருந்தது. அதே நாள்களில் குறுக்குத்துறை முருகன் கோயிலை வெள்ளம் சூழ்ந்த படம் ஒன்று என் கைப்பேசிக்குப் பலமுறை வந்தது. உண்மையான கோயில், உண்மையான வெள்ளம், ஒரு புள்ளிகூட மாற்றப்படாத படம். ஆனால் அது வேறோர் ஆண்டின் வெள்ளம். ஆற்றுக்குள்ளேயே நிற்கும் அந்தக் கோயிலைத் தண்ணீர் சூழ்வது நமக்குப் புதிதன்று என்பதால், தேதியை மாற்றிச் சொன்னாலும் எவருக்கும் சந்தேகம் வருவதில்லை.

அதனால் திருத்தத்தைவிட, படத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் வார்த்தைகளைத்தான் நான் முதலில் சோதிப்பேன். செய்திப் படங்களுக்கான வேர்ல்டு பிரஸ் போட்டோ என்ற உலகப் போட்டியில் 2015இல் பரிசு பெற்ற ஒரு படத்தொகுப்பு பெல்ஜியத்தின் சார்லருவா நகரைப் பற்றியது. அதிலிருந்த ஒரு படம் அந்த நகரில் எடுக்கப்பட்டதன்று, பிரஸ்ஸல்ஸ் பகுதியில் எடுக்கப்பட்டது என்று தெரியவந்ததும் பரிசையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அங்கே கேள்விக்குள்ளானது குளோன் கருவி அன்று, ஊர்ப் பெயர்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வாளியைப் பற்றி ஒரு பத்தி முழுக்க எழுதிய நீங்கள், தையல் மெஷினை ஒரே வரியில் கடந்துபோய்விட்டீர்கள். அது யாருடைய மெஷின்? தினமும் நெய்கிற தறிக்கு வெளிச்சம் வரும் ஒரே சன்னலை மறைத்து ஒருவர் மெஷின் போட்டு வைப்பாரா? அமெரிக்கப் பூர்வகுடிகளைப் படம் பிடித்த எட்வர்ட் கர்டிஸ், பீகன் என்ற பூர்வகுடியினரின் குடியிருப்பு ஒன்றுக்குள் அமர்ந்திருந்த இருவருக்கு நடுவே இருந்த ஒரு கடிகாரத்தை, 1910ஐ ஒட்டி வெளியிட்ட படத்திலிருந்து அழித்துவிட்டார். நெகட்டிவில் அந்தக் கடிகாரம் இருக்கிறது. பழமை மாறாத மக்கள் என்று காட்ட விரும்பியவருக்கு அவர்கள் மணி பார்த்தது இடையூறாகிவிட்டது. உங்கள் மெஷினும் அப்படிப்பட்ட கடிகாரமாக இருக்குமோ என்று கேட்கிறேன். தவறாக இருந்தால் மன்னிக்கவும்.

கூந்தன்குளம் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதியது:

எங்கள் ஊருக்கு வரும் பறவைப் படக்காரர்களில் பெரும்பாலோர் செய்வதும் இதுதான். இங்கே மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் வீட்டு வாசல் மரங்களில் கூடு கட்டுகின்றன. எச்சத்தையும் வீச்சத்தையும் பொறுத்துக்கொண்டு மக்கள் அவற்றின் கீழேதான் புழங்குகிறார்கள். வருகிறவர்கள் ஓட்டுக் கூரையும் மின்கம்பியும் விழாதபடி நெருக்கி எடுத்துக்கொண்டு போய், ஏதோ ஆளரவமற்ற காட்டில் எடுத்ததுபோலக் காட்டுகிறார்கள். பறவையும் மனிதரும் சேர்ந்திருப்பது என்ற, எங்கள் ஊரில் பார்க்க வேண்டிய ஒரே அதிசயத்தை வெட்டி எறிந்துவிட்டுப் பறவையை மட்டும் கொண்டுபோகிறார்கள். கூடு தெரியவில்லை என்று மறைக்கும் கிளையை ஒடிக்கிறவர்களைப் பற்றி எழுதினால் கோபம்தான் வரும். நிழல் போனால் குஞ்சு வெயிலில் வாடும், காக்கையின் கண்ணுக்கும் தப்பாது. வாளி எடுத்த தம்பி அந்த அளவுக்கு ஒன்றும் செய்துவிடவில்லை.

பாளை மாணவன் மீண்டும் எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. செய்திப் படக்கார அண்ணாச்சியின் கேள்வியைப் படித்துவிட்டு இரண்டு நாள் ஒன்றும் எழுத முடியவில்லை. தையல் மெஷின் அந்த அம்மாவுடையதுதான். விசைத்தறியில் நெய்து வரும் பாயை வெட்டிக் கைப்பைகளாகவும் கோப்பு உறைகளாகவும் தைத்துக் கொடுப்பதே இப்போது அவருடைய வேலை. தறி அவருடைய தாயாருடையது. பாவில் பாதி நெய்த பாய் ஒன்று நெடுநாளாக அப்படியே நின்றுபோயிருந்தது. நான் கேட்டுக்கொண்டதற்காகத் தூசியைத் தட்டிவிட்டு உட்கார்ந்து, நாலைந்து கோரைகளைக் கோத்துக் காட்டினார். இவற்றையெல்லாம் என் கேள்வியில் நான் மறைக்க வேண்டும் என்று எண்ணி மறைக்கவில்லை. ஆனால் வாளியைப் பற்றி அவ்வளவு விரிவாக எழுத முடிந்தது ஏன் என்பது இப்போது எனக்குப் புரிகிறது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மீண்டும் பத்தமடைக்குப் போனேன். மெஷின் பழைய இடத்திலேயே சன்னலை மறைத்துக்கொண்டு நின்றது. அவர் பை தைத்துக்கொண்டிருக்கும்போதே, எதையும் நகர்த்தாமல், எங்கும் திரும்பச் சொல்லாமல் எடுத்தேன். வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓவை 3200 வரை ஏற்ற வேண்டியிருந்தது. டியூப்லைட்டின் பச்சை நிறமும் படத்தில் ஏறிவிட்டது. முதுகுக்குப் பின்னால் துணியால் மூடிய தறி, காலடியில் வெட்டுத் துண்டுகள், சுவரோரத்தில் அதே நீல வாளி. அழகான படம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் ஒரு நாளைக்கு எத்தனை பை தைப்பார் என்பதை அதைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

பழைய படத்தின் தலைப்பையும் மாற்றிவிட்டேன். 'தாயாரின் தறியில், படத்துக்காக ஒரு முறை அமர்ந்தபோது' என்று எழுதி, தையல் மெஷின் நகர்த்தப்பட்டதையும் வாளி அழிக்கப்பட்டதையும் கீழே இரண்டு வரியில் குறிப்பிட்டிருக்கிறேன். பாராட்டிய பேராசிரியர் ஒருவர், இப்படி எழுதினால் படத்தின் மயக்கம் போய்விடுகிறது என்று வருத்தப்பட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்றே தோன்றுகிறது.

இரண்டு படங்களையும் பிரிண்ட் போட்டு அந்த அம்மாவிடம் கொடுத்தபோது, தறியில் இருக்கும் படத்தைச் சுவரில் மாட்டச் சொல்லி உடனே மகனிடம் கொடுத்துவிட்டார். அது நடந்த விதம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும் என்பதால், அதைப் பொய் என்று அவரிடம் நான் விளக்க முற்படவில்லை. மெஷின் படத்தைச் சற்று நேரம் வைத்துப் பார்த்துவிட்டு, "இதும் இருக்கட்டும் தம்பி. அந்த வாளிய மட்டும் எடுத்துட்டு இன்னொன்னு போட்டுக் குடுங்களேன்" என்றார். அடுத்த வாரம் கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.