60,000 ரூபாயில் முதல் கேமிங் கம்ப்யூட்டர்: இந்தக் கொட்டேஷனை நம்பலாமா?

காவிரிக்கரை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். ஊர் கும்பகோணம், காலேஜ் கடைசி வருடம். டியூஷன் எடுத்துச் சேர்த்ததும் அப்பா தருவதுமாகக் கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. கீபோர்டு, மவுஸ், 1080பி 75 ஹெர்ட்ஸ் மானிட்டர் எல்லாம் வீட்டிலேயே உண்டு. நண்பர்களோடு வாலரன்ட் ஆட வேண்டும். ஜிடிஏ 5, சைபர்பங்க் 2077 இரண்டையும் ஓட்டிப் பார்க்க ரொம்ப ஆசை.

பக்கத்தில் ஒரு கடையில் எழுதித் தந்தது: ஐ7-3770 பிராசசர், எச்61 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, ஜிடி 730 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 500 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் தரும் பெட்டி), ஆர்ஜிபி கேபினெட். மொத்தம் 38,000. "ஐ7, நாலு ஜிபி கார்டு, எல்லா கேமும் ஓடும்" என்கிறார்கள். வாங்கலாமா?

பழையசில்லு

வேண்டாம் தம்பி. ஐ7 என்ற பெயரை விட்டுவிட்டு அடுத்து வரும் எண்ணைப் பார். 3770 என்றால் மூன்றாம் தலைமுறை, 2012இல் வந்தது. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வாலரன்ட் விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்று புதிய போர்டுகளில் இருக்கும் பாதுகாப்பு வசதிகள் இரண்டையும் கேட்கும். நீ தினமும் ஆட நினைக்கும் கேமுக்கே இந்த செட் சிக்கல்.

கார்டு அதைவிட மோசம். "4 ஜிபி" என்பது நினைவகத்தின் அளவு மட்டுமே, வேகம் அல்ல. ஜிடி 730இல் பரவலாக விற்கும் டிடிஆர்3 64 பிட் வகை நொடிக்கு 14.4 ஜிபி தரவைத்தான் நகர்த்தும். ஆர்எக்ஸ் 6600 கார்டு நகர்த்துவது 224 ஜிபி. படம் பார்க்க ஜிடி 730 போதும், சைபர்பங்குக்கு ஆகாது.

மின்விசிறி

ரைசன் 5 5600ஜி பிராசசர் வாங்கிக்கொள்ளுங்கள் நண்பா. உள்ளேயே வேகா கிராபிக்ஸ் இருக்கிறது, தனிக் கார்டு இல்லாமலே வாலரன்ட் குறைந்த செட்டிங்கில் நன்றாக ஓடும். கார்டை அடுத்த வருடம் போட்டுக்கொள்ளலாம்.

பழையசில்லு

பணம் குறைவாக இருந்தால் நானும் அதையே சொல்வேன். தம்பியிடம் இப்போதே கார்டுக்குப் பணம் இருக்கிறதே. 5600ஜியில் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) 16 எம்பி, சாதாரண 5600இல் 32 எம்பி. கேமில் அந்த வித்தியாசம் தெரியும். பயன்படுத்தாத கிராபிக்ஸுக்காக அதை இழக்க வேண்டாம்.

என் யோசனை: ரைசன் 5 5600, பி450 அல்லது பி550 போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 3200 ரேம் இரண்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி, நல்ல கம்பெனி 550 வாட் எஸ்எம்பிஎஸ், முன்பக்கம் வலை வைத்த கேபினெட். 5600 பெட்டியிலேயே கூலர் வரும், தனியாக வாங்காதே. ரேம் விலை 2025 கடைசியில் கடுமையாக ஏறியது, அதனால் 32 ஜிபி பக்கம் இப்போது போக வேண்டாம். ஆனால் ஒரே 16 ஜிபி குச்சி போதும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. இரண்டு குச்சி போட்டால்தான் டூயல் சேனல், அதாவது தரவு ஒரே நேரத்தில் இரண்டு வழியில் போகும். பி450 எடுத்தால் 5600க்கு ஏற்ற பயாஸ் (போர்டைத் தொடக்கும் மென்பொருள்) ஏற்றியிருக்கிறதா என்று கடையிலேயே பார்க்கச் சொல்.

காவிரிக்கரை

ரொம்ப நன்றி அண்ணா. வேறு கடையில் இந்தப் பட்டியலைக் காட்டினேன், 57,500 வருகிறது. ஆனால் ஆர்எக்ஸ் 6600 ஸ்டாக் இல்லையாம், அதற்குப் பதில் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி போட்டிருக்கிறார்கள். எஸ்எம்பிஎஸ் கேபினெட்டோடு இலவசம், அதுவும் 500 வாட்தானாம். சரியா?

சாலிடர்

இரண்டுமே சரியில்லை.

3050 என்ற பெயரில் இரண்டு கார்டு உண்டு. 8 ஜிபி கார்டில் 2560 கோர் (கணக்குப் போடும் அலகுகள்), 128 பிட் (நினைவகப் பாதையின் அகலம்). 6 ஜிபி கார்டில் 2304 கோர், 96 பிட். ஆர்எக்ஸ் 6600 இந்த இரண்டையும் கேமில் முந்தும். மின்சாரம் குறைவாக எடுக்கும் என்பது 6 ஜிபி கார்டின் நல்ல குணம். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட நல்ல கார்டு. புதிதாகக் கட்டும் உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு வாரம் காத்திருங்கள், அல்லது திருச்சியிலோ சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ விசாரியுங்கள்.

இப்போது எஸ்எம்பிஎஸ். இதை எல்லோரும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள், எனக்கு அதுதான் வருத்தம். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட வாட்டை நம்பாதீர்கள். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12ஆல் பெருக்குங்கள். பிராசசரும் கார்டும் இழுப்பது அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். 14 ஆம்பியர் என்றால் 168 வாட். உங்கள் 5600 முழு வேகத்தில் 76 வாட் வரை, ஆர்எக்ஸ் 6600 132 வாட், இரண்டும் சேர்ந்தே 208. மேலே 500 என்று எழுதியிருந்தும் கேம் ஓடும்போது கம்ப்யூட்டர் அணைந்துபோவது இப்படித்தான். நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட் மட்டுமே 40 ஆம்பியருக்கு மேல் இருக்கும். கார்டுக்கான 8 பின் கேபிளும் அதிலேயே வரும்.

காவிரிக்கரை

லேபிளைப் பார்த்தேன் அண்ணா, 12 வோல்ட்டில் 16 ஆம்பியர்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். திருச்சியில் ஆர்எக்ஸ் 6600 கிடைக்கிறது, தனி எஸ்எம்பிஎஸ் 550 வாட்டோடு எல்லாம் 59,200, ஜிஎஸ்டி சேர்த்து. இன்னொரு சந்தேகம். இப்போதுள்ள பழைய கம்ப்யூட்டரின் கேபினெட்டைத் தொட்டால் லேசாகச் சுள்ளென்கிறது. புதியதிலும் அப்படி வருமா?

சாலிடர்

வரும், உங்கள் வீட்டு பிளக்கில் எர்த் சரியில்லை என்றால். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் வடிகட்டி மின்தேக்கிகள் வழியே மிகச் சிறிய கசிவு எப்போதும் உண்டு. எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் கேபினெட்டின் தகட்டில் நிற்கும். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதித்துவிடுங்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் சொருக வேண்டாம்.

பழையசில்லு

பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் எழுதி வாங்கு தம்பி, வாரண்டிக்குத் தேவைப்படும். நாலு ரேம் ஸ்லாட் உள்ள போர்டு என்றால் பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவதில் குச்சிகளைப் போடு. பிறகு பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் வசதி) ஆன் செய், இல்லையென்றால் 3200 ரேம் 2400, 2666 என்று மெதுவாகவே ஓடிக்கொண்டிருக்கும்.

மானிட்டர் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் சொருக வேண்டும், மதர்போர்டில் அல்ல. 5600இல் உள் கிராபிக்ஸ் கிடையாது, போர்டில் சொருகினால் திரை இருட்டாகவே இருக்கும். முதல் தடவை ஆன் செய்யும்போது படம் வரவில்லை என்றால் அதை முதலில் பார், அப்புறம் ரேமைக் கழற்றி மறுபடி அழுத்திப் போட்டுப் பார்.