தகாயமாவா, ட்சுமாகோவா? தங்க ஒரே இரவு

கடலூர்க்காரன்: ஏப்ரல் நடுவில் ஜப்பானின் நகோயாவிலிருந்து மலைப்பக்கம் ஒரு பழைய ஊருக்குப் போகிறோம். அப்பா அம்மாவும் வருகிறார்கள், அப்பா சுத்த சைவம். தங்க ஒரு இரவுதான். தகாயமாவா, ட்சுமாகோவா?

மலைப்பாதை: ட்சுமாகோதான். இன்றைய டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு மலைவழியே போன நகாசெந்தோ சாலையில் 69 தங்கல் ஊர்கள், அதில் இது 42ஆவது. ரயில் வந்ததும் சாலையில் ஆள் நடமாட்டம் போய் ஊரே வெறிச்சோடியது. 1968இல் வீடுகளைப் பழுதுபார்க்கத் தொடங்கினார்கள். 1971இல் ஊரார் சேர்ந்து உறுதி எடுத்தார்கள்: விற்கமாட்டோம், வாடகைக்கு விடமாட்டோம், இடிக்கமாட்டோம். அப்படிக் காப்பாற்றிய ஊரை இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு பஸ் ஏறுவது அநியாயம். சாயங்காலம் கூட்டம் கலைந்து, மரச்சட்டக் கதவுகளுக்குப் பின்னால் விளக்கு எரியும்போதுதான் அந்தத் தெருவின் அழகு தெரியும்.

தச்சன்: பெற்றோரோடு போகிறவரிடம் இதைச் சொல்லலாமா? நாகிசோ ரயில் நிலையத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். விடுதியில் தரையில் படுக்கை, அவர்கள் வைப்பதுதான் சாப்பாடு. தகாயமாவுக்கு நேர் ரயில், சுமார் இரண்டரை மணி நேரம். பழைய தெருக்கள் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான்.

வசதிக்காக மட்டும் சொல்லவில்லை. தகாயமா இருக்கும் ஹிடா பகுதியில் விளைச்சல் குறைவு. அதனால் பழைய அரசு வரிக்குப் பதிலாகத் தச்சர்களையே தலைநகருக்கு வரவழைத்துக்கொண்டது. பிறகு 1692இல், மலைக்காட்டு மரத்தையும் சுரங்கங்களையும் குறிவைத்து ஷோகுன் என்ற ராணுவ ஆட்சியாளரின் அரசே ஊரை நேரடியாக எடுத்துக்கொண்டது. அவர்களுடைய அரசு அலுவலகம், தகாயமா ஜின்யா, இன்றும் நிற்கிறது. உள்ளே ஆணித்தலையை மறைக்க முயல் வடிவத்தில் சின்ன மூடி வைத்திருக்கிறார்கள். வரி வாங்குகிற இடத்தில் இவ்வளவு நுணுக்கம்! குனிந்து பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

மலைப்பாதை: ஜின்யா அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் தகாயமாவின் பழைய சன்மச்சி தெருவில் பதினொரு மணிக்கு நின்று பாருங்கள் நண்பரே. வீட்டுக்கு வீடு கடை, நடக்க இடமில்லை. ட்சுமாகோ பிரதான தெருவில் பகலில் காரையே விடுவதில்லை.

தச்சன்: ஏழு மணிக்குப் போங்கள். மியாகவா ஆற்றங்கரைக் காலைச் சந்தையில் வயதான அம்மாக்கள் காய்கறியும் ஊறுகாயும் பரப்பி உட்கார்ந்திருப்பார்கள். ஊர் என்றால் வாங்குவதும் விற்பதும் இருக்கத்தான் செய்யும், அதில் என்ன குறை?

பயணப்பை: அப்பாவின் சாப்பாட்டை இருவருமே விட்டுவிட்டீர்கள். காய்கறிக் குழம்பிலும் காய்ந்த மீனில் எடுத்த சாறு இருக்கும். எந்த ஊரானாலும் அறை பதியும்போதே எழுதிக் கேளுங்கள். தகாயமாவில் ஒரு கடை சரிப்படாவிட்டால் அடுத்த கடைக்காவது போகலாம்.

மலைப்பாதை: அந்த நியாயத்தை ஏற்கிறேன். ஆனால் தேதியைச் சொல்லுங்கள் கடலூர்க்காரரே. ஏப்ரல் 14, 15 தகாயமாவின் வசந்தத் தேர்த் திருவிழா. அந்த இரவுகளில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு.

தச்சன்: கிடைத்தால் விடாதீர்கள். 12 தேர்கள், சிலவற்றின் மேல் கயிறு இழுத்து ஆட்டும் பொம்மைகள். அம்மாவுக்கு அதைக் காட்டாமல் திரும்பாதீர்கள். அறை இல்லையென்றால் 16ஆம் தேதி போங்கள், அப்போதும் என் ஓட்டு தகாயமாவுக்குத்தான்.