ஓட்டுப் போடாம இருக்கிறது கோழைத்தனமா, கொள்கையா? இளம்பிள்ளையில இருந்து ஒரு கேள்வி

தறிவீடு:

எல்லாருக்கும் வணக்கம். இளம்பிள்ளைப் பக்கம் ஒரு ஊர் எனக்கு. வயசு 27. அப்பா விசைத்தறியில சேலை ஓட்டுறார், அம்மா தார் சுத்துறாங்க (தறிக்குக் குச்சியில நூல் சுத்துற வேலை), பன்னெண்டாவது முடிச்சதுல இருந்து நானும் அதே பட்டறையில நைட் ஷிப்ட். மூணு பேர் உழைப்பும் ஒரே முதலாளிகிட்ட.

அக்கா கல்யாணத்துக்கு 2014-ல அப்பா வாங்கின முன்பணம் 60,000. வாராவாரம் கூலியில பிடிக்கிறாங்க. நடுவுல அம்மாவுக்கு ஆபரேஷன், தீபாவளி, பாட்டி காரியம்னு திரும்பத் திரும்ப வாங்கினதுல, போன பொங்கலுக்குக் கணக்குப் பார்த்தா 85,000 நிக்குது. வேற பட்டறைக்குப் போகணும்னா புது முதலாளி இந்தக் கடனைக் கட்டி எங்களைக் கூட்டிட்டுப் போகணும். சந்தையில மாடு கை மாறுற மாதிரிதான்.

போன தேர்தலுக்கு ரெண்டு நாள் முன்னாடி, ராத்திரி வீடு வீடா காசு கொடுத்தாங்க. அப்பா வாங்கிட்டார். ரெண்டு 500 ரூபா நோட்டு. அதைக் காலண்டருக்குப் பின்னாடி சொருகி வச்சுட்டுச் சாப்பிடாமப் படுத்துட்டார். காலையில அம்மா அதை எடுத்து மளிகைக்கடை பாக்கிக்குக் கொடுத்துட்டாங்க. ஓட்டுப் போடுற அன்னைக்குச் சம்பளத்தோட லீவு விடணும்னு சட்டம் இருக்குதுன்னு பின்னாடிதான் தெரிஞ்சுக்கிட்டேன். எங்களுக்குத் தறி நின்னா கூலி கிடையாது, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்து வரிசையில எனக்கு முன்னாடி எங்க முதலாளி நின்னார். அவருக்கும் ஒரு ஓட்டு, எனக்கும் ஒரு ஓட்டு. மை வச்சுக்கிட்டு வெளிய வந்து, "நாலு மணிக்குத் தறியை ஓட்டிருங்கப்பா, ஆர்டர் நிக்குது"ன்னுட்டுப் போயிட்டார். எங்க அப்பாவும் சரிங்கன்னார்.

சேலத்துல காலேஜ் படிக்கிற சிநேகிதன் ஒருத்தன் அரசின்மைவாதம் பத்தி நிறைய அனுப்புறான். ஓட்டுப் போடுறதே நம்மை ஆளுற ஏற்பாட்டுக்கு நாம சம்மதம் சொல்றதுதான், போடாதேங்கிறான். எங்க ஊர்ச் சிவப்புச் சட்டைத் தாத்தாவோ, போடாதவன் எதிராளிக்குத்தான் உதவுறான்னு திட்டுறார். நான் பயந்துக்கிட்டு ஒதுங்கப் போறேனா, இல்ல இதுல நிஜமாவே ஒரு நியாயம் இருக்கா? படிச்சவங்க, பட்டவங்க சொல்லுங்க.

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு:

தம்பி, முதல்ல சொல்லைச் சரி பண்ணிக்குவோம். அரசின்மைவாதத்தை அராஜகம்னும் சொல்வாங்க. ஆனா அராஜகம்னா நம்ம பேப்பர்ல ரவுடி அட்டகாசம்னு அர்த்தம். இவங்க சொல்றது வேற. ஒருத்தனை ஒருத்தன் ஆளுற ஏற்பாடே வேண்டாம், முதலாளியும் வேண்டாம் மந்திரியும் வேண்டாம், வேலை செய்யிறவங்களே கூடி உட்கார்ந்து முடிவெடுக்கணும்கிறதுதான் அது. முதலாளியைப் பத்தி சோசலிஸ்ட்டுகளும் இதையேதான் சொல்றாங்க. அரசாங்கத்தை என்ன பண்றதுங்கிறதுலதான் பிரிஞ்சாங்க. தொழிலாளி கைக்கு அரசு வரட்டும்னார் மார்க்ஸ். யார் கைக்கு வந்தாலும் அது ஆளத்தான் செய்யும்னார் ரஷ்யாவுல பிறந்த அரசின்மைவாதி பக்கூனின். 1872-ல ஹேக் நகரத்துல நடந்த சர்வதேசத் தொழிலாளர் சங்க மாநாட்டுல பக்கூனினை வெளியேத்திட்டாங்க. அந்தச் சண்டை இன்னும் தீரல.

உன் கேள்விக்கு நேரா பதில் இருக்கிறது ஸ்பெயின்ல. அங்க சி.என்.டி.ன்னு அரசின்மைவாதிகளோட தொழிற்சங்கம், லட்சக்கணக்கான ஆளு. 1933 தேர்தல்ல ஓட்டுப் போடாதீங்கன்னு ஊர் ஊரா பிரசாரம் பண்ணாங்க. வலதுசாரிகள் ஜெயிச்சாங்க. அடுத்த ரெண்டு வருஷத்துல ஆயிரக்கணக்கான தொழிலாளிங்க ஜெயில்ல. 1936 பிப்ரவரியில மறுபடி தேர்தல் வந்தப்ப, ஜெயில்ல இருக்கிறவங்களை விடுவிக்கிறோம்னு இடதுசாரிக் கூட்டணி வாக்குக் கொடுத்துச்சு. சி.என்.டி. அந்தத் தடவை புறக்கணிப்புப் பிரசாரத்தை அடக்கி வாசிச்சுது. புருஷன் ஜெயில்ல இருக்கிற பொம்பளை வரிசையில போய் நின்னா யார் தடுக்க முடியும்? கூட்டணி ஜெயிச்சு, ஜெயில் கதவு திறந்துச்சு. ஜூலையில ராணுவம் கலகம் பண்ணப்ப பார்சிலோனாவுல தொழிலாளிங்களே டிராமையும் ஆலையையும் எடுத்து ஓட்டினாங்க. அதே வருஷம் நவம்பர்ல சி.என்.டி.க்காரங்க நாலு பேர் மந்திரியாவும் ஆனாங்க. அது துரோகம்னு அவங்க ஆளுங்களே இன்னிக்கு வரைக்கும் சொல்றாங்க. எனக்கும் அப்படித்தான் படுது.

நம்ம ஆளும் ஒருத்தர் இருந்தார். எம்.பி.டி. ஆச்சார்யா, 1887-ல சென்னையில பிறந்தவர். 1920-ல தாஷ்கண்ட்ல இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர். அப்புறம் கட்சியை விட்டு அரசின்மைப் பக்கம் வந்து, 1954-ல பம்பாயில வறுமையில செத்தார். பெரியாரை எடுத்துக்கோ. 1944-ல நம்ம சேலத்து மாநாட்டுலதான் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆச்சு. கடைசி வரைக்கும் அந்தக் கழகம் தேர்தல்ல நிக்கல. ஆனா காமராஜருக்கு ஓட்டுப் போடுங்கன்னு அவர் ஊர் ஊரா பேசினார். தேர்தல்ல நிக்காம இருக்கிறது ஒண்ணு, தேர்தலைக் கண்டுக்காம இருக்கிறது இன்னொண்ணு.

நான் கொலுசு பத்தவைக்கிறவன். கிலோ கணக்குல கூலி, சேதாரம் என் தலையில. ரெண்டு தேர்தலா நான் ஓட்டுப் போடல. ஒருத்தரும் ஏன்னு கேக்கல, கூலியும் ஏறல. லட்சம் பேர் கூடிப் பேசிப் போகாம இருந்தா அது சேதி. நான் மட்டும் பட்டறையில உட்கார்ந்திருந்தா, வாக்காளர் லிஸ்ட்ல டிக் விழாத ஒரு பேரு, அவ்வளவுதான்.

குமரகிரி:

ஓட்டுப் போடாதவன் ரோடு சரியில்லைன்னு பேசக்கூடாது. முன்னோர் வாங்கிக் கொடுத்த உரிமை அது.

ஏற்காட்டுப் பொண்ணு:

குமரகிரி அண்ணா, அப்படிச் சொல்லாதீங்க. எங்க ஊருக்கு ரோடே இல்லாம இருந்துச்சு. எங்க ஊர்ல எல்லாரும் எல்லாத் தேர்தலுக்கும் ஓட்டுப் போட்டவங்கதான். பிரசவத்துக்குத் தொட்டில் கட்டித்தான் தூக்கிட்டுப் போவாங்க. என் சித்தி அப்படிப் போனவங்கதான், பாதி வழியில மழை பிடிச்சு, ஒரு சில்வர் ஓக் மரத்தடியில பிள்ளை பிறந்துச்சு.

ஒரு தேர்தல் சமயத்துல ஊர்ப் பெரியவங்க கூடி, ரேஷன் கடைச் சுவத்துல "தேர்தல் புறக்கணிப்பு"ன்னு பழைய வேட்டியில எழுதித் தொங்க விட்டாங்க. அஞ்சு வருஷமா மேல ஏறாத ஜீப்பு மறுநாள் சாயங்காலமே வந்துச்சு. தாசில்தார் எங்க திண்ணையில உட்கார்ந்து கடுங்காப்பி குடிச்சார். எங்க பாட்டி நேரா கேட்டாங்க: "சாமி, ஓட்டுப் போட்டப்ப வராதவரு, போடமாட்டோம்னதும் வந்துட்டீங்களே?" அவர் ஒண்ணும் பேசல. பாதி தூரத்துக்கு ரோடு வந்துச்சு. மிச்சப் பாதி இன்னும் மண்ணுதான்.

தமிழ்நாட்டுல நோட்டா பட்டன் முதல்ல வந்ததே எங்க தொகுதியிலதான், 2013 டிசம்பர் 4 இடைத்தேர்தல்ல. அதுக்கு முன்னாடி யாருக்கும் போட இஷ்டமில்லைன்னா பூத்துல எல்லார் முன்னாடியும் ரிஜிஸ்டர்ல எழுதிக் கையெழுத்துப் போடணும். எங்க ஜனங்க யார் அதைச் செய்வாங்க? பட்டன் வந்ததும் நாலாயிரம் பேருக்கு மேல அமுக்கினாங்க. ஜெயிச்ச வித்தியாசமோ 78,000-க்கு மேல. நோட்டாவே அதிகமா விழுந்தாலும் அடுத்து இருக்கிறவர்தான் ஜெயிச்சவர்.

எஸ்டேட்டுல இருக்கிறவங்களுக்கு வீடு, வேலை நேரத்துல குழந்தைங்களைப் பாத்துக்கிற பிள்ளை மடம், ஆஸ்பத்திரி எல்லாம் கொடுக்கணும்னு 1951-லேயே சட்டம் வந்துச்சு. எங்க அம்மா காப்பிப் பழம் பறிக்கப் போனப்ப என்னைக் கூடையிலதான் படுக்க வச்சாங்க. சட்டம் எழுதினவங்க மேல ஏறி வந்து பார்க்கல, கேக்கிறதுக்கு எங்களுக்குச் சங்கமும் இல்ல.

உருக்காலை ஓய்வு:

தம்பி தறிவீடு, நான் 40 வருஷம் செங்கொடிச் சங்கத்துல இருந்தவன். உன் ஊர்த் தாத்தா மாதிரி நான் திட்டமாட்டேன்.

1950 பிப்ரவரி 11. குடியரசு பிறந்து 16 நாள். நம்ம சேலம் ஜெயில்லதான் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேரைச் சுட்டுக் கொன்னாங்க. அந்தக் கட்சியே ரெண்டு வருஷத்துல தேர்தல்ல நின்னு சென்னை மாகாணத்துல 62 இடம் ஜெயிச்சுச்சு. காங்கிரசுக்கு 375-ல 152தான். பெரும்பான்மை இல்லை. தேர்தல்லயே நிக்காத ராஜாஜியை மேலவைக்கு நியமிச்சு முதலமைச்சர் ஆக்கினாங்க. இதைச் சின்ன வயசுல எங்க அப்பா சொல்லும்போது கை நடுங்கும் அவருக்கு. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் போய் ஓட்டுப் போட்டார். நானும் போடுறேன். அது ஒரு காலை நேர வேலை, அதுக்கு மேல அதுல எதிர்பார்க்கிறதில்லை. 2019-ல சேலம் உருக்காலையை விக்க விண்ணப்பம் கேட்டப்ப, யாருக்கு ஓட்டுப் போட்டோம்னு பார்க்காம எல்லாச் சங்கமும் சேர்ந்துதான் தெருவுக்கு வந்தோம்.

உன் கேள்வியில ஓட்டை விட முக்கியமானது அந்த 85,000. முன்பணத்தைக் காட்டி வேற இடத்துக்குப் போக விடாம வச்சிருந்தா அதுக்குப் பேரு கொத்தடிமை. 1976 சட்டப்படி அந்தக் கடன் செல்லாது. கோட்டாட்சியர் விசாரிச்சு விடுவிப்புச் சான்று கொடுக்கணும். நீ தனியா போனா மறுநாள் உனக்குத் தறி இருக்காது. அதனால தனியா போகாதே. முதல்ல உன் தெருவுல யாருக்கு எவ்வளவு முன்பணம், எந்த வருஷம் வாங்கினது, வாரம் எவ்வளவு பிடிக்கிறாங்கன்னு எழுது. கூலிச் சீட்டு, நோட்டு எது இருந்தாலும் போட்டோ எடு.

தறிவீடு:

பெரியவரே, கொலுசு அண்ணா, ஏற்காட்டு அக்கா, எல்லாருக்கும் நன்றி. பதில் போட லேட் ஆயிடுச்சு.

தறி ஓடும்போது எங்க தெருவுல பக்கத்துல நிக்கிறவங்க பேசுறதே கேக்காது. அப்பாவுக்கு இடது காது போயே போச்சு. அதனால மாசாந்திர பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துற நாளுக்குக் காத்திருந்தேன். காலை 9 மணிக்குத் தெரு அமைதியாச்சு. 40 பக்க நோட்டு ஒண்ணு வாங்கிக்கிட்டு வீடு வீடா போனேன்.

14 வீட்டுல சொன்னாங்க. மூணு வீட்டுல கதவைச் சாத்திட்டாங்க, அவங்க மேல எனக்குக் கோபம் இல்ல. ஒரு அக்கா புருஷன் செத்து ஆறு வருஷமாச்சு, அவர் வாங்கின முன்பணத்தை அவங்க இன்னும் தார் சுத்திக் கழிக்கிறாங்க. எவ்வளவு பாக்கின்னு அவங்களுக்கே தெரியாது. கணக்கு முதலாளி நோட்டுலதான் இருக்குது. 14 வீட்டையும் கூட்டினா 9 லட்சத்துக்கு மேல வருது. இத்தனை வருஷம் எங்க வீட்டுக் கடன் மட்டும்தான்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

அடுத்த தேர்தல்ல என்ன செய்வேன்னு இன்னும் முடிவு பண்ணல. காசு மட்டும் வேண்டாம்னு அப்பாவே சொல்லிட்டார்.

திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்குப் போகலாம்னு ஒன்பது பேர் சம்மதிச்சிருக்காங்க. கோட்டாட்சியருக்கும் ஒரு நகல் தரணுமான்னு பெரியவர் சொல்லுங்க. யார் பேரை முதல்ல எழுதுறதுன்னுதான் ரொம்ப நேரம் பேச்சு. முதல் பேருக்குத்தான் முதல்ல தறி போகும்னு எல்லாருக்கும் தெரியும். அம்மா தார்க்குச்சியைக் கீழ வச்சுட்டு, என் பேரை எழுதுடான்னாங்க.