டிஸ்கஸ் என்றால் போதுமா, டிஸ்கஸ் அபௌட் வேண்டாமா?

கேள்வி: வார்ப்படம்_கோவை

வணக்கம். கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி, அப்புறம் டிப்ளமோ மெக்கானிக்கல். வெர்னியர் பிடித்து அளவெடுப்பதில் எனக்குப் பயமே கிடையாது. சாயங்காலம் ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தால்தான் கை நின்றுவிடுகிறது.

போன வாரம் எழுதிய வரி இது: "வி டிஸ்கஸ்டு அபௌட் த லீக்கேஜ் வித் த ஃபவுண்டரி." மேலாளர் அபௌட்டைச் சிவப்பு மையில் அடித்துவிட்டார். அதற்குக் கீழேயே "வி டாக்ட் த சப்ளையர்" என்று எழுதியிருந்தேன். அங்கே நடுவில் ஒரு டு சேர்த்தார். ஒரே பக்கத்தில் ஓரிடத்தில் எடுக்கிறார், ஓரிடத்தில் போடுகிறார். காரணம் கேட்டால் "அது அப்படித்தான்" என்கிறார்.

இன்னொரு வரி: "ப்ளீஸ் டேக் த டூ ப்ளூ பிக் காஸ்ட் அயர்ன் ஃப்ளேஞ்சஸ் இன் லைன் த்ரீ அவுட்." இதில் அவுட்டைத் தூக்கி டேக் பக்கத்தில் வைத்தார். ப்ளூ, பிக் இரண்டையும் இடம் மாற்றினார். ஆனால் அடுத்த வரியில் "டேக் இட் அவுட்" என்று இருந்ததைத் தொடவில்லை.

இதற்கெல்லாம் ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா? யாராவது தமிழில் விளக்கினால் பெரிய உதவி.

பதில் 1: ரயில்வே_தேர்வு

நண்பரே, ஒழுங்கு தேடினால் நேரம்தான் போகும். டிஸ்கஸ், ரீச், மேரி, ரிசெம்பிள், லேக் இந்த ஐந்துக்கும் பின்னால் நேராகப் பெயர்ச்சொல்தான், நடுவில் ஒன்றும் வராது. டிபெண்ட் ஆன், கன்சிஸ்ட் ஆஃப், லிசன் டு, இன்சிஸ்ட் ஆன் இவற்றை வாலோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். நான் அப்படித்தான் படித்தேன்.

பதில் 2: டீச்சர்_தென்காசி

தம்பி, அரசுப் பள்ளியில் 31 வருடம் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். உங்கள் மூன்று வரிகளையும் படித்ததும் உடனே எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது. நீங்கள் செய்த ஒவ்வொரு பிழைக்கும் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் உங்கள் தமிழில் இருக்கிறது.

நாயைப் பார்த்தேன். நாய்க்குப் பயந்தேன். நாயிடம் மாட்டிக்கொண்டேன். நாயோடு விளையாடினேன். ஒரே நாய்தான், வால் மட்டும் மாறுகிறது. எந்த வால் வேண்டும் என்று வினைதான் கேட்கிறது. பார் என்ற சொல் ஐ கேட்கும், பயப்படு என்ற சொல் கு கேட்கும். ஆங்கிலத்திலும் வினைதான் கேட்கிறது. நமக்கு உருபு பெயரோடு ஒட்டிக்கொள்ளும், அவர்களுக்குப் பெயருக்கு முன்னால் தனியாக நிற்கும். ஆகவே "அபௌட்டுக்குத் தமிழில் என்ன" என்று தேடாதீர்கள், "டிஸ்கஸ் என்ன கேட்கிறது" என்று பாருங்கள். அது நேராகப் பொருளைப் பிடித்துக்கொள்ளும். டாக் அப்படிப் பிடிக்காது, ஆளுக்கு டு வேண்டும், விஷயத்துக்கு அபௌட் வேண்டும். தமிழிலும் "சப்ளையரிடம் பேசினோம்" என்றுதானே சொல்வீர்கள்? எங்கள் பக்கத்தில் "சப்ளையரைப் பேசிட்டோம்" என்றால் திட்டிவிட்டோம் என்று அர்த்தமாகிவிடும்.

சரி, டிஸ்கஸுக்குப் பின்னால் அபௌட் எப்படி வந்தது? "லீக்கேஜைப் பற்றி விவாதித்தோம்" என்று மனதில் ஓடியிருக்கும், அந்தப் பற்றிதான் அபௌட்டாக இறங்கிவிட்டது. இன்னொரு காரணமும் உண்டு. டிஸ்கஷன் அபௌட் என்பது சரியான ஆங்கிலம். பெயர்ச்சொல்லாக இருக்கும்போது அதற்கு ஒரு பிடி தேவைப்படுகிறது, வினையானதும் அந்தப் பிடி தேவையில்லை. எம்ஃபசிஸ் ஆன் சரி, எம்ஃபசைஸ் ஆன் தவறு. லேக் ஆஃப் வாட்டர் சரி, "வி லேக் ஆஃப் வாட்டர்" தவறு. "எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்" சரி, "ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்" என்றால் அந்த ஃபாரை எடுத்துவிட வேண்டும். லீவ் லெட்டர்களில் இந்த ஒரு ஃபாரை நான் எத்தனை முறை அடித்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. பிள்ளைகள் மேல் குற்றமில்லை, பெயரையும் வினையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் அவர்களுக்குக் காட்டியதில்லை.

அவுட் வேறு கதை. உங்கள் வரியில் அது ப்ரெபொசிஷனே இல்லை, நம் துணைவினை மாதிரி. எடு என்பது எடுத்துவிடு ஆகிறது, எழுது என்பது எழுதி வை ஆகிறது, பார் என்பது பார்த்துக்கொள் ஆகிறது. அவர்கள் டேக் அவுட், ரைட் டவுன், லுக் ஆஃப்டர் என்கிறார்கள். பார், கொள் இரண்டின் அர்த்தத்தையும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்தால், தமிழ் தெரியாத ஒருவரால் பார்த்துக்கொள் என்பதன் பொருளை ஊகிக்க முடியுமா? லுக் ஆஃப்டரும் அப்படித்தான். 1755-ல் சாமுவேல் ஜான்சன் தன் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, வினைக்குப் பின்னால் ஒரு சிறு சொல்லை ஒட்டிப் பொருளை மாற்றும் இந்த வழக்கம்தான் அயலாருக்கு மிகவும் கடினம் என்று எழுதிவிட்டார்.

அந்தச் சிறு சொல் வினையைச் சேர்ந்ததா, பெயரைச் சேர்ந்ததா என்று பார்க்க இட் போட்டுப் பாருங்கள். "ஸ்விட்ச் ஆஃப் த மோட்டார்" என்றும் வரும், "ஸ்விட்ச் த மோட்டார் ஆஃப்" என்றும் வரும். இட் போட்டால் "ஸ்விட்ச் இட் ஆஃப்" மட்டும்தான், "ஸ்விட்ச் ஆஃப் இட்" வராது. ஆகவே இங்கே ஆஃப் வினையின் பங்கு. "லுக் அட் த மோட்டார்" என்பதை எடுங்கள். "லுக் அட் இட்" என்றுதான் வரும், "லுக் இட் அட்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அட் மோட்டாரோடு போகிறது. லுக் ஆஃப்டரும் இந்த விஷயத்தில் லுக் அட் மாதிரியே, "லுக் ஆஃப்டர் இட்" என்றுதான் வரும்.

இப்போது அந்த நீளமான வரி. டேக்குக்கும் அவுட்டுக்கும் நடுவில் இட் என்ற ஒரு சொல் உட்காரலாம், உட்கார்ந்தே ஆக வேண்டும். "த மோட்டார்" போன்ற இரண்டு சொல்லும் உட்காரலாம். நீங்கள் பத்துச் சொற்களை உட்கார வைத்திருக்கிறீர்கள். வினையில் பாதியைப் படித்த வாசகர் மீதிப் பாதிக்காக மூன்றாம் லைன் வரை காத்திருக்கிறார். அதனால்தான் உங்கள் மேலாளர் "டேக் அவுட்" என்று சேர்த்து முன்னால் வைத்து, பாரத்தைப் பின்னால் தள்ளினார். தமிழில் நமக்கு இந்தக் காத்திருப்பு பழக்கம். "மூன்றாம் லைனில் இருக்கும் இரண்டு பெரிய நீல வார்ப்பிரும்பு ஃப்ளேஞ்சுகளை எடுத்துவிடுங்கள்." பாரம் முழுவதும் முன்னால், வினை கடைசியில். விடு கடைசியில் வந்து பழகிய காது அவுட்டையும் கடைசியில்தான் தேடும். தம்பி, உங்கள் கை தமிழ் இலக்கணப்படி சரியாகத்தான் எழுதியிருக்கிறது.

பதில் 3: மொழிபெயர்ப்பு_மேசை

டீச்சர் விட்ட அடைமொழி வரிசையை மட்டும் சொல்கிறேன். முதலில் எண்ணிக்கை, பிறகு நம் அபிப்பிராயம், அளவு, வயது, நிறம், எந்த நாட்டுச் சரக்கு, எதனால் செய்தது, கடைசியில் பொருள். பொருளின் உடம்போடு ஒட்டியது பக்கத்தில் நிற்கும், பார்ப்பவருக்குப் பார்ப்பவர் மாறக்கூடியது தள்ளி நிற்கும். டீச்சரின் தமிழ் வாக்கியத்திலும் "பெரிய நீல வார்ப்பிரும்பு" என்று அதே வரிசைதான் வந்திருக்கிறது, கவனியுங்கள்.

ரிப்போர்ட் எழுதுபவர்களுக்கு இதைவிடப் பெரிய தொல்லை பெயர் மேல் பெயராக அடுக்குவது. "காஸ்ட் அயர்ன் பம்ப் கேசிங் லீக்கேஜ் டெஸ்ட் ரிப்போர்ட்" மாதிரி. இது நம் தொகைநிலைத் தொடர் போன்றது. பொற்குடத்தைப் பொன்னால் ஆகிய குடம் என்று விரிப்பது போல விரித்துவிடுங்கள்: "ரிப்போர்ட் ஆன் த லீக்கேஜ் டெஸ்ட் ஆஃப் காஸ்ட் அயர்ன் பம்ப் கேசிங்ஸ்." தொகையில் மறைந்திருக்கும் உருபுதான் அங்கே ஆன், ஆஃப் என்று வெளியே வருகிறது.

வார்ப்படம்_கோவை

மூன்று பேருக்கும் நன்றி. டீச்சர், பார்த்துக்கொள் உதாரணத்தை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். வரியை இப்படி மாற்றினேன்: "ப்ளீஸ் டேக் அவுட் த டூ பிக் ப்ளூ காஸ்ட் அயர்ன் ஃப்ளேஞ்சஸ் இன் லைன் த்ரீ." இன்னும் ஒரே ஒரு சந்தேகம். பஸ்ஸில், காரில் இரண்டுக்கும் நமக்கு இல்தான். ஆங்கிலத்தில் ஏன் ஆன் த பஸ், இன் த கார்?

டீச்சர்_தென்காசி

வரி சரியாக இருக்கிறது தம்பி. உள்ளே எழுந்து நின்று நடக்க முடிகிற பஸ், ரயில், கப்பல், விமானத்துக்கு ஆன். குனிந்து உள்ளே போய் உட்காருகிற காருக்கு இன். பைக்கில் மேலேதான் உட்காருகிறோம், ஆகவே ஆன். ஆட்டோவுக்குக் காரைப் போல இன்.