பாம்பன் புதுப் பாலத்து வேலைக்குப் பக்கத்தில் ஸ்கூபா போகலாமா? (2025 ஏப்ரலில் புது ரயில் பாலம் திறக்கும் முன், ரயில் நின்றிருந்தபோது எழுதிய பதிவுகள்)

காப்பித்தோட்டம் (ஏற்காடு):
எல்லாருக்கும் வணக்கம். போன வருடம் புதுச்சேரியில் டைவிங் கற்றுக்கொண்டேன், அதிலிருந்து கடல் நினைப்பாகவே இருக்கிறது. இந்த மாதக் கடைசியில் நானும் நண்பனும் பாம்பன் பக்கம் போகிறோம். ராமேசுவரம் ரயில் 2022 டிசம்பரிலேயே நின்றுவிட்டதால் காரில்தான். புதுப் பாலத்துத் தூண்களைச் சுற்றி மீன் கூட்டம் கூட்டமாக நிற்கிறது என்று அங்கே ஒரு படகுக்காரர் சொன்னார். ஆனால் வேலை நடக்கும் இடத்தில் தண்ணீர் கலங்கித்தானே இருக்கும், ஏதாவது கண்ணுக்குத் தெரியுமா? அந்த வேலையால் கடற்புல், பவளம் எல்லாம் என்ன ஆகிறது? ஞாயிறு காலை இரண்டு டைவ் முடித்து மதியம் 12 மணிக்குக் கிளம்பினால் ராத்திரியே வீடு வந்துவிடலாம், திங்கள் காலை பழம் பறிக்க ஆள் வருகிறார்கள்.

ஐந்துரோடு (சேலம்):
ஜனவரியில் போய் வந்தேன், ஆனால் பாலத்துக்குப் பக்கத்தில் இல்லை, மண்டபத்துக்கு மேற்கே இருக்கும் பிரப்பன்வலசைக் கடற்கரையில். வாடைக் காற்று ஓயாததால் கை நீட்டினால் விரல் தெரிகிற அளவுக்குத்தான் தெளிவு. நம்ம ஊரில் மேக்னசைட் லாரி ஓடுகிற சாலையோரச் செடி எப்படி இருக்கும், அப்படி ஒவ்வொரு கடற்புல் இலையிலும் மெல்லிசாக வண்டல். அந்தப் புல்லில் ஒன்றை வாலால் சுற்றிப் பிடித்துக்கொண்டு சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கடல்குதிரை நின்றது. அலை வரும்போது இலையோடு சேர்ந்து சாய்ந்து, அலை போனதும் நிமிர்ந்தது. பத்து நிமிடம் அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், காசு கொடுத்ததற்கு அதுவே போதும். துடுப்புக் காலைத் தரையில் உதைக்காமல் மிதந்தபடியே பாருங்கள், ஒரு உதைக்குக் கிளம்பும் புழுதி அடங்க வெகுநேரம் ஆகிறது.

தென்கடல் (சொந்த ஊர் மண்டபம், வேலை சேலத்தில்):
தம்பி, படகுக்காரர் சொன்னது பொய்யில்லை. 1914-இல் திறந்த பழைய பாலத்துத் தூண்களில் சிப்பியும் கொட்டலசும் (ஒட்டி வாழும் சின்ன ஓட்டுயிர்) பாசியும் அப்பிக் கிடக்கும், பாசியைத் தின்ன ஓரா மீன் வரும், சின்ன மீனைப் பிடிக்கக் கலவா மீன் வரும். புதுத் தூண்களிலும் நாளாக நாளாக அப்படித்தான் ஏறும். ஆனாலும் அங்கே இறங்காதீர்கள். வடகடலும் (பாக் நீரிணை) தென்கடலும் (மன்னார் வளைகுடா) அந்த இடுக்கில்தான் மாறிப் பாய்கின்றன, வாடைக் காலத்தில் தெற்கே இழுக்கும், கச்சான் (தென்மேற்குக் காற்று) அடித்தால் வடக்கே. பழகின ஆளையே அடித்துக்கொண்டு போய்விடும். அதோடு மிதவையும் கிரேனும் படகுகளும் வேறு. தண்ணீருக்குள் சத்தம் விநாடிக்கு சுமார் 1500 மீட்டர் வேகத்தில் வருவதால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது, படகு தலைக்கு மேல் வந்தால்கூடத் தெரியாது.

கலங்கலுக்குப் பாலத்தை மட்டும் குறை சொல்ல முடியாது, வடகடல் ஆழமே இல்லாத கடல், காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே அடிமண் கிளம்பும். ஆனால் காற்று ஓய்ந்தால் தெளிந்துவிடும், மாதக்கணக்கில் வேலை நடந்தால் தெளிய நேரமே கிடைக்காது, அதுதான் எனக்குக் கவலை. பவளம் தன்மேல் விழும் வண்டலைக் கோழை மாதிரி ஒன்றைச் சுரந்து தள்ளும், விடாமல் விழுந்தால் அதற்கே அதன் சக்தியெல்லாம் போய்விடும். வெளிச்சமும் குறைந்தால் அதற்குள் வாழும் பாசி உணவு தயாரிக்காது. கடற்புல் போனால் ஆவுளியாவுக்கு (கடல்பசு) சோறே இல்லை. இவ்வளவு சின்ன வயதில் இதைக் கேட்கிறீர்களே, சந்தோஷம். அப்புறம், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் கூட்டிப்போகிறேன் என்று யார் சொன்னாலும் போகாதீர்கள்.

மலைப்பாதை (சேலம்):
எல்லாரும் கடலைப் பற்றிச் சொன்னார்கள், நான் மலையைப் பற்றிச் சொல்கிறேன். டைவ் முடித்ததும் உடம்பில் நைட்ரஜன் கரைந்திருக்கும். உடனே உயரத்துக்குப் போனால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து அது குமிழியாகி மூட்டு வலி, மரமரப்பு என்று கொண்டுபோய் விடலாம். விமானத்துக்குச் சொல்லும் கணக்கு, ஒரே டைவ் என்றால் 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரம் இடைவெளி. விமானத்துக்குத்தானே என்று விடாதீர்கள், 600 மீட்டருக்கு மேல் போனாலே அந்தக் கணக்கு வந்துவிடும். ஏற்காடு சுமார் 1500 மீட்டர். ராமேசுவரத்திலிருந்து சேலம் வரை பயமில்லை, சேலமே 300 மீட்டருக்குள்தான். அந்த 20 கொண்டை ஊசி வளைவுதான் விஷயம். ஆழம் குறைவு என்று அசட்டையாக இருக்காதீர்கள்.

காப்பித்தோட்டம்:
இதை யோசிக்கவே இல்லை அண்ணா, ரொம்ப நன்றி. பாலத்துப் பக்கம் போகவில்லை, பிரப்பன்வலசையே போகிறோம். சேலம் அஸ்தம்பட்டியில் சித்தி வீட்டில் ராத்திரி தங்கிவிட்டுக் காலை 6 மணிக்கு மேல் மலை ஏறுகிறேன், ஆள் வருவது 8 மணிக்குத்தான்.