எல்டிஎல் 5.8: சிகரெட்டா, அம்மா வழிப் பரம்பரையா?

சாட்ஸ்வொர்த்காரன்:
தென்னாப்பிரிக்காவில் டர்பன்தான், வயது 39. வேலையிடத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கெட்ட கொழுப்பான எல்டிஎல் 5.8, நல்ல கொழுப்பான எச்டிஎல் 0.8 (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்). நாளைக்கு எட்டுப் பத்து சிகரெட் பிடிப்பேன், அதனால் வீட்டில் எல்லாப் பழியும் சிகரெட் மேல். ஆனால் எங்கள் அப்பா தினம் ஒரு பாக்கெட் ஊதித் தள்ளியவர், 81 வயது வரை கொழுப்பு என்ற பேச்சே கிடையாது. சிகரெட்டையே தொடாத தாய்மாமா 44 வயதில் மாரடைப்பில் போனார். நான் விட்டால் எண் இறங்குமா, இறங்காதா?

கறிவேப்பிலை:
சிகரெட்டை விட்டால் எச்டிஎல் ஏறும், சில வாரங்களிலேயே. எல்டிஎல் பெரிதாக அசையாது தம்பி. ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லைக் கல்லீரல் தன் ஏற்பிகளால் பிடித்து இழுத்துக்கொள்ளும். அந்த ஏற்பிக்கான மரபணு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று வரும். ஒன்று பழுதானாலே பிறந்ததிலிருந்து எல்டிஎல் தேங்கும். இதைக் கண்டுபிடித்த அமெரிக்க விஞ்ஞானிகள் பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985-இல் நோபல் கிடைத்தது. 4.9-ஐத் தாண்டினாலே டாக்டர்கள் பரம்பரையைச் சந்தேகிப்பார்கள், உங்களுக்கு மாமா கதை வேறு. தைராய்டையும் பார்த்துவிடுங்கள், அது மந்தமானாலும் எல்டிஎல் ஏறும்.

ஊதுபத்தி:
அப்போ சிகரெட் மேல் தப்பில்லை, ஊதலாம் என்கிறீர்களா அண்ணே? :)

கறிவேப்பிலை:
அப்படிச் சொல்லவே இல்லையே! புகை ரத்தக்குழாயின் உள்சுவரைப் புண்ணாக்கும், அங்கே நுழையும் எல்டிஎல்லை ஆக்சிஜனேற்றம் செய்து படிய வைக்கும். சாதாரண எல்டிஎல் உள்ளவருக்கே அது கெடுதல், 5.8 வைத்துக்கொண்டு புகைப்பவருக்குச் சொல்லவே வேண்டாம். அப்பா தப்பித்தார், சரி. ஆனால் உங்களுக்கு அம்மா பக்கத்துப் பங்கு வந்திருக்கிறதோ என்னவோ.

பீனிக்ஸ் அக்கா:
குதிகாலுக்கு மேலே பின்பக்கம் இருக்கும் தசைநாணைத் தடவிப் பாருங்கள் தம்பி. என் வீட்டுக்காரருக்கு அங்கே கொழுப்பு படிந்து கெட்டியாகத் தடித்திருந்தது, ஷூ உரசிய காய்ப்பு என்றே பத்து வருடம் ஓட்டினோம். எல்டிஎல் 7. இப்போது கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையில் இருக்கிறார். இந்த நாட்டில் ஆப்பிரிக்கானர்களிடம் (டச்சு வழிவந்த வெள்ளையர்கள்) இந்தப் பரம்பரைக் கொழுப்பு மிக அதிகம், பழைய குடியேறிகள் சிலரிடமிருந்தே பரவியது, அதனால் இங்குள்ள டாக்டர்களுக்கு இது புதிதில்லை, கூச்சப்படாமல் கேளுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள், உங்களுக்கு இது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

சாட்ஸ்வொர்த்காரன்:
நன்றி அக்கா. எனக்குத் தடிப்பு எதுவும் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டேன், மாமாவுக்கு இரண்டு குதிகாலிலும் இருந்ததாம், மண்வெட்டி பிடித்து நின்ற காய்ப்பு என்று விட்டுவிட்டார்களாம். திங்கள்கிழமை அம்மா, நான், 11 வயது மகன் மூவரும் ரத்தம் கொடுக்கிறோம். சிகரெட் மூன்றில் நிற்கிறது, சாப்பாட்டுக்கு அப்புறம் வரும் ஒன்றுதான் விடமாட்டேன் என்கிறது.